மனக்கட்டுப்பாடு ஆணுக்கா, பெண்ணுக்கா?



"பெண்களுக்கு நாக்கைக் கட்டத் தெரியாது" என்பது ஆண்கள் கூறும் குறை. "ஆண்களுக்குச் சினத்தை அடக்கத் தெரியாது" என்பது பெண்கள் கூறும் குறை. வீட்டுப் பேச்சாக இருக்கும்வரை இவற்றால் பெருந்தீங்கில்லை. ஆனால், "மூளை ஆராய்ச்சியே இதை மெய்ப்பித்துவிட்டது" என்று எவரேனும் சொல்லும்போது, அந்த ஆராய்ச்சி உண்மையில் என்ன கூறிற்று என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கு ஜீன் ஜாக் வாங் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. 13 பெண்களும் 10 ஆண்களும் அதில் பங்கேற்றனர். நெடுநேரம் உண்ணாமலிருந்த அவர்கள் முன், அவரவருக்கு மிகவும் பிடித்த உணவு வைக்கப்பட்டது. அவர்கள் அதைப் பார்த்தனர், முகர்ந்தனர், நாவில் சிறிது சுவைக்கவும் பெற்றனர். உண்ண மட்டும் அனுமதியில்லை. ஒருமுறை, உணவின்மீது எழும் ஆசையை மனத்தால் அடக்குமாறு அவர்களிடம் கூறப்பட்டது. மற்றொரு முறை அவ்வாறு கூறப்படவில்லை. இரு வேளைகளிலும் மூளையின் எப்பகுதி எவ்வளவு குளுகோஸைச் செலவிடுகிறது என்பதைக் கருவி படம் பிடித்தது.

முடிவு வியப்பளித்தது. அடக்க முயன்றபோது பசி தணிந்ததாக இருபாலாருமே கூறினர். ஆண்களின் மூளையில், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா முதலிய பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்தது. பெண்களின் மூளையிலோ அத்தகைய குறைவு தென்படவில்லை. உடல் எடையைக் குறைப்பதில் பெண்கள் கூடுதல் இடர்ப்பாடு அடைவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்றும், பெண்மைக்குரிய ஹார்மோன்களுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினர்.

இதிலிருந்து "பெண்ணுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று முடிவு கட்டலாமா? கூடாது. முதலாவதாக, 23 பேரைக் கொண்டு உலகத்து ஆண், பெண் அனைவரையும் அளந்துவிட முடியாது. இரண்டாவதாக, அந்த ஆய்வு அளந்தது மூளையின் இயக்கத்தையே அன்றி நடத்தையை அன்று. நோன்பு நாளின் பிற்பகலில் அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சும் தாயை எண்ணிப் பாருங்கள். அந்த மணம் அவருடைய மூளையை எழுப்பாமலா இருக்கும்? ஆயினும் ஒரு பருக்கையும் அவர் வாயில் இடுவதில்லை. உள்ளே ஆசை விழித்திருக்கும்போதே கையை மடக்கிக்கொள்பவரைக் கட்டுப்பாடற்றவர் என எவ்வாறு கூறுவது?

மற்றோர் ஆய்வும் நோக்கத்தக்கது. பிரிட்டனைச் சேர்ந்த கேத்தரின் கிராஸ் முதலானோர் 277 ஆய்வுகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். கிளர்ச்சியை நாடுவதிலும், ஆபத்தான செயல்களில் துணிந்து இறங்குவதிலும் ஆண்களே முன்னிற்கின்றனர் என அது காட்டிற்று. ஆனால், முயன்று தன்னை அடக்கும் ஆற்றலில் இருபாலாரிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆக, வேறுபாடு பெரிதும் உந்துதலின் வேகத்தில் இருக்கிறது. அடக்கும் ஆற்றலில் அன்று.

இந்த உண்மை நம் இல்லங்களுக்கு இரண்டு வகையில் பயன்படும்.

நீரிழிவுக்காக இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் விலக்குமாறு மருத்துவர் சொன்ன பெண்மணி, வீட்டார் அனைவருக்கும் அவற்றையே சமைத்துப் பரிமாற வேண்டியிருக்கிறது. பின்னர் அவர் சற்று நழுவினால், "உனக்கு மன உறுதி இல்லை" என்று பழிக்கிறோம். நாள் முழுதும் மணமும் சுவையும் சூழ்ந்த இடத்தில் அவரை நிறுத்திவிட்டு மன உறுதியைக் குறை கூறுவது நியாயமா? அவருக்கான உணவையே வீட்டாரும் உண்ணப் பழகுவதுதான் உண்மையான துணை.

அதுபோலவே, பொருளை வீசி எறியும் மகனை, "ஆண்பிள்ளை அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உந்துதலுக்குக் கடிவாளமிடும் முன்மூளை, ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, பயிற்சிக்குக் காலம் உண்டு. சினம் எழும்போது விலகி நிற்கவும், பேசுமுன் பொறுக்கவும் சிறு வயதிலேயே அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். இன்று அவனுக்குச் சலுகை காட்டினால், நாளை அதன் சுமையைத் தாங்கப்போகிறவள் அவனுக்கு வாழ்க்கைப்படும் பெண்ணே என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

ஆசையும் சினமும் எழுவது இயற்கை. எழுந்தபின் என்ன செய்கிறோம் என்பதே நம் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி இல்லை.