பத்தில் ஒரு பங்கு யமாத்தோ

பெரியனவற்றைச் சிறிதாக்கிப் பார்ப்பதில் மனிதனுக்கு என்றுமே ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தாஜ்மகால் பளிங்குப் பொம்மையாகி நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அமர்ந்திருக்கிறது. இரயில் வண்டி குழந்தையின் கைக்குள் ஓடுகிறது. ஆனால் போர்க்கப்பல் ஒன்றைச் சிறிதாக்கும்போது எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்ற கேள்வி எழுகிறது. அதைச் சிந்திக்கத் தூண்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானின் கூரே நகரில் 2005-ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கு வைக்கப்பெற்றது ‘யமாத்தோ’ என்னும் போர்க்கப்பலின் மாதிரி. உண்மைக் கப்பலின் நீளம் 263 மீட்டர். மாதிரியின் நீளம் 26.3 மீட்டர். பத்தில் சரியாக ஒரு பங்கு! போர் முடிந்த வேளையில் ஜப்பானியக் கடற்படை தன் ஆவணங்களை எரித்துவிட்டது. எனவே எஞ்சிய வரைபடங்கள், பழைய புகைப்படங்கள், கடலடியில் கிடக்கும் கப்பலின் சிதைவைப் படமெடுத்த காட்சிகள் ஆகியவற்றை ஒப்பிட்டே இம்மாதிரியை உருவாக்கினர்.

உண்மைக் கப்பல் பிறந்ததும் அதே கூரேயில்தான். எண்ணிக்கையில் அமெரிக்கக் கடற்படைக்கு ஈடாகக் கப்பல் கட்ட ஜப்பானின் செல்வம் போதாது. ஆகவே ஒவ்வொரு கப்பலையும் எதிரியின் கப்பலைவிட வலிமையுடையதாக்குவோம் என்று எண்ணினர். அமெரிக்கக் கப்பல்கள் பனாமாக் கால்வாய்க்குள் நுழைய வேண்டுமாதலால் அவற்றின் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த அகலத்தில் இத்தகைய பீரங்கிகளைத் தாங்கும் கப்பலைக் கட்ட முடியாது என்பது அவர்கள் கணக்கு. 1937 நவம்பரில் பணி தொடங்கியது. சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து எவரும் பார்த்துவிடாதபடி கப்பல் கட்டும் தளத்துக்குக் கூரையிட்டு மறைத்தனர். 46 சென்டிமீட்டர் வாய் விட்டமுள்ள ஒன்பது பீரங்கிகள். ஒன்றரை டன் எடையுள்ள குண்டை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் ஆற்றல். முழுச் சுமையுடன் 72,000 டன் எடை. உலகம் கண்ட போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பெரியது.

ஆனால் காலம் வேறொரு கணக்குப் போட்டிருந்தது. 1941 டிசம்பர் 10-ஆம் நாள், மலேயாக் கடற்பகுதியில் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பிரிட்டிஷ் பெருங்கப்பல்களை விமானங்களைக் கொண்டே மூழ்கடித்தது ஜப்பான். ஆறு நாட்கள் கழித்து, டிசம்பர் 16-இல், யமாத்தோ கடற்படையில் சேர்ந்தது. பீரங்கிக் கப்பலின் காலம் முடிந்தது என்று உலகுக்குக் காட்டிய நாடே, அடுத்த வாரம் உலகின் மிகப் பெரிய பீரங்கிக் கப்பலைக் களமிறக்கியது. இதனினும் பெரிய முரண் வேறு உண்டோ?

போரின் பெரும் பகுதியை யமாத்தோ துறைமுகங்களிலேயே கழித்தது. ‘யமாத்தோ ஓட்டல்’ என்று மாலுமிகளே கேலி பேசினர். எதிரிக் கப்பல்களை நோக்கி அதன் பெரும் பீரங்கிகள் முழங்கியது ஒரே ஒரு போரில்தான். அது 1944 அக்டோபர் 25-இல், பிலிப்பைன்ஸ் நாட்டின் சமார் தீவுக்கு அருகில்.

1945 ஏப்ரலில் ஒக்கினாவாவில் அமெரிக்கப் படைகள் இறங்கிவிட்டன. விமானப் பாதுகாப்பே இன்றி யமாத்தோவை அங்கு அனுப்பி, கரையில் மோதி நிற்கச் செய்து, குண்டுகள் தீரும்வரை போரிட வேண்டும் என்று திட்டம் தீட்டப்பட்டது. படையை நடத்த வேண்டிய துணைத் தளபதி இத்தோ செய்இச்சியே முதலில் இதை ஏற்க மறுத்தார். பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்த இளம் அதிகாரிகளைப் புறப்படும் முன் கரையிலேயே இறக்கிவிட்டனர். திரும்பி வரப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஏப்ரல் 7-ஆம் நாள் நண்பகலுக்குப் பின், அலையலையாக வந்த ஏறத்தாழ நானூறு அமெரிக்க விமானங்கள் குண்டுகளையும் டார்பிடோக்களையும் பொழிந்தன. இரண்டே மணி நேரத்தில் கப்பல் கவிழ்ந்து வெடித்தது. மடிந்தவர் ஏறத்தாழ 3,000 பேர். பிழைத்தவர் முந்நூறுக்கும் குறைவு. கப்பல் தப்பாது என்று கண்டதும், எஞ்சிய கப்பல்கள் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பட்டும் என்று ஆணையிட்டார் இத்தோ. தாம் மட்டும் கப்பலோடு மூழ்கினார். அன்று யமாத்தோவில் நிகழ்ந்த செயல்களுள் வீரச்செயல் என நான் கருதுவது அந்த ஆணையைத்தான்.

இனி மாதிரிக்கு வருவோம். நீளம் பத்தில் ஒன்றானால் தளத்தின் பரப்பு நூறில் ஒன்றாகும். கன அளவோ ஆயிரத்தில் ஒன்றாகும். அந்தக் கணக்கில் 72,000 டன் 72 டன்னாகிவிடும். ஒன்றரை டன் குண்டு ஒன்றரைக் கிலோவாகிவிடும். ஆனால் 3,000 உயிர்களை எந்த அளவுகோலால் சுருக்குவது? அவர்களுள் ஒருவனுக்காகக் காத்திருந்த தாயின் துயரத்தைப் பத்தால் வகுக்க முடியுமா? இரும்புக்கு அளவுகோல் உண்டு, இழப்புக்கு இல்லை.

இத்தகைய மாதிரிகள் போர் வெறியை வளர்க்கும். ஆகவே அவை கூடா என்பார் உளர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் நான் அதற்கு உடன்படேன். மறைத்து வைத்த வரலாறு பாடம் புகட்டாது. கூரே மக்களின் உழைப்பும் அறிவும் பொய்யல்ல. போருக்குப் பின் அதே ஊரின் தளத்தில்தான் பெரும் எண்ணெய்க் கப்பல்கள் உருவாயின. 1956-இல் கப்பல் கட்டுவதில் ஜப்பான் உலகில் முதலிடம் பெற்றது. ஒரே கைத்திறன் அழிவுக்கும் பயன்பட்டது, ஆக்கத்துக்கும் பயன்பட்டது. குற்றம் சுத்தியலுடையதன்று; அதை எதற்கு ஓங்குவது என்று முடிவு செய்தவர்களுடையது.

எனவே மாதிரி இருக்கட்டும். ஆனால் தனித்து இருக்க வேண்டாம். கூரேயில் மாதிரியோடு மாலுமிகள் இறுதியாக எழுதிய கடிதங்களையும், மாண்டோர் பெயர்களையும் வைத்திருப்பது மிகவும் பொருத்தமானது. கடைகளில் விற்கும் 75 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் யமாத்தோவோடு அந்தப் பெயர்கள் வருவதில்லை. அங்கே பீரங்கி இருக்கிறது, மனிதன் இல்லை. அந்தக் குறையை நிரப்ப வேண்டியது பார்ப்பவர் மனமே.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பொறிகளைப் படைக்கலாம். சிலர் அவற்றை ஏவும் பதவிகளில் அமரலாம். ‘எப்படிச் செய்தார்கள்?’ என்று வியப்பது அறிவுக்கு அழகு. ‘எதற்காகச் செய்தார்கள்? யார் விலை கொடுத்தார்கள்?’ என்றும் கேட்பதே கல்விக்கு அழகு. இரண்டாம் கேள்வியைக் கேட்கத் துணிவோர் பெருகினால், மூவாயிரம் பேரைச் சுமந்துகொண்டு திரும்பி வராத பயணம் புறப்படும் கப்பல் எந்த நாட்டிலும் இராது.