கத்தி கடப்பாரை அல்ல

போன சித்திரையில் என் இடது கட்டை விரலில் நாலு தையல் போட்டார்கள். 34 வருஷம் டூல் ரூமில் லேத், மில்லிங், கிரைண்டர் என்று சுழலுகிற இரும்புக்கு நடுவே நின்றவன் நான். அங்கே ஒரு தையல்கூட வாங்கியதில்லை. ஓய்வு பெற்று, வாசல் திண்ணையில் உட்கார்ந்து, பேரனுக்கு மாங்காய் நறுக்கும்போது வாங்கினேன்.

"ஏனுங்க, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க கத்தி?" என்றாள் வீட்டுக்காரி. டாக்டரும் தலையாட்டினார். அன்று மாலையே கத்தி பீரோவுக்குள் போய்விட்டது. எனக்குக் கை நடுங்கவில்லை, கண்ணும் நன்றாகவே தெரிகிறது. தப்பு வயசில் இல்லை, கத்தியின் வடிவத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அது மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த மடக்குக் கத்தி. மாப்பிள்ளை கொடுத்ததைக் குறை சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு ஆறு மாதம் அதையே பயன்படுத்தினேன். கறுப்புப் பூச்சு பூசிய அலகு. நுனி, உளியை வைத்துச் சாய்வாக வெட்டியதுபோல இருக்கும், ஜப்பான் வாள் பாணியாம். கைப்பிடி ஓரமாக 30 மில்லிமீட்டருக்கு ரம்பப் பல். ராணுவத்துக்கான கத்தி என்று பெட்டியில் போட்டிருந்தது.

தையல் பிரித்த மறுநாள் அதை பீரோவிலிருந்து எடுத்து வெர்னியரை வைத்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் 3.5 மி.மீ. கனம். அது கூடப் பரவாயில்லை. கூர் முடிந்து அலகு ஆரம்பிக்கிற இடத்தில் முழுசாக 1 மி.மீ. இருந்தது. என்னிடம் 1979-ல் வாங்கிய பழைய பேனாக்கத்தி ஒன்று இருக்கிறது. சாணை பிடித்துப் பிடித்துப் பாதியாகத் தேய்ந்துவிட்டது. அதில் அதே இடத்தில் 0.3 மி.மீ.தான்.

வித்தியாசம் எல்லாம் இங்கேதான். எந்தக் கத்தியிலும் கூர் வேலை செய்வது முதல் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான். அதற்குப் பிறகு அலகின் உடம்பு உள்ளே நுழைய வழி வேண்டும். வாழைப்பழம் வழி விடும். பச்சை மாங்காய் விடாது. கனமான அலகு உள்ளே போனதும் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். நாம் இன்னும் அழுத்துவோம். திடீரென்று மாங்காய் படீரென்று பிளக்கும். அதுவரை கொடுத்த அழுத்தம் முழுக்க விரலுக்குப் போகும். எனக்கு நடந்தது அதுதான். விறகு பிளக்கிற கோடாலிக்கு அந்த வடிவம் சரி. மாங்காய்க்கு ஏன்?

கேட்டால், "கனமாக இருந்தால்தான் உறுதி, நெம்பினாலும் உடையாது" என்கிறார்கள். கத்தியை வைத்து எதற்கு ஐயா நெம்ப வேண்டும்? நெம்புவதற்குத் திருப்புளி இருக்கிறது, கடப்பாரை இருக்கிறது. ராணுவம் என்று பெயர் சொல்கிறார்களே, ராணுவத்துக்கென்றே செய்த கத்தியின் கதையைப் பாருங்கள். சுவிஸ் ராணுவம் 1890-ல் சிப்பாய்களுக்கென்று ஒரு மடக்குக் கத்தியைத் தீர்மானித்தது. அதில் ஓர் அலகு, ஒரு டப்பா திறப்பான், துளை போட ஓர் ஊசி, துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. நெம்புகிற வேலைக்கும் திருகுகிற வேலைக்கும் தனி உறுப்பு வைத்ததால் அலகு வெட்டுகிற வேலையை மட்டும் பார்த்தது. இன்றைக்கு விற்கிற சுவிஸ் கத்தியின் அலகும் மெல்லியதுதான். பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்துவரும் ஒப்பினல் கத்தியைப் பாருங்கள். மரப்பிடி, மெல்லிய அலகு. 1955-ல் ஒரு பூட்டு வளையம் சேர்த்தார்கள். உழவர்கள் அதைத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரொட்டியும் வெட்டினார்கள், கொடியும் கழித்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பனையேறியின் பாளை சீவுகிற அரிவாளைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பலகையில் கல்பொடி தூவித் தினமும் தீட்டுவார்கள். பாளையில் வெற்றிலை கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும், அதற்கேற்ற வாய் அதற்கு. நாவிதர் கத்தியின் வயிற்றைக் குழித்திருப்பார்கள். மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்களின் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாய்வு. வேலையைப் பார்த்துத்தான் வடிவம். இந்தக் கறுப்புக் கத்தியோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வாங்குகிறவரை மிரட்டுவதற்காகச் செய்தது.

குறை மட்டும் சொல்லக்கூடாது. கட்டை விரலால் தள்ளித் திறக்கிற குமிழ் நல்ல யோசனை. நகத்தைக் கொடுத்து இழுக்கிற பழைய மாதிரி, மூட்டுவலிக்காரர்களுக்குக் கஷ்டம். உள்ளே பூட்டு இருப்பதும் நல்லது. பழைய பேனாக்கத்தி விரல் மேலேயே மடங்கும். ரம்பப் பல் நைலான் கயிற்றை நன்றாக அறுக்கும். ஆனால் நமக்கு நைலான் கயிறு மாதத்துக்கு ஒருமுறை, பழமும் காய்கறியும் தினமும். கைப்பிடிக்குப் பக்கத்து ஓரம்தான் அதிக பலம் கிடைக்கிற இடம். அங்கே போய்ப் பல்லை வைத்தால்? வீட்டுச் சாணைக்கல்லில் அதைத் தீட்டவும் முடியாது.

சரி, புலம்பிப் பயனில்லை, திருத்துவோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றி அலகைத் தனியாக எடுத்தேன். கழற்றாமல் அரைத்தால் கல்துகள் மூட்டுக்குள் போய் அதைத் தின்றுவிடும். பிறகு நுனி. சாய்ந்த முன்பக்கமும் நீள வாயும் சந்திக்கிற இடத்தில் கீழே ஒரு மூலை இருந்தது. முதுகிலிருந்து அந்த மூலை வரைக்கும் வளைவாக ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னால் இருந்ததை எல்லாம் அரைத்துத் தள்ளினேன். அந்த மூலையே புது நுனி ஆயிற்று. முதுகு வளைந்து இறங்கும், வாய் நேராக இருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் ஆட்டுக்கால் அலகு என்று பெயர். கப்பலில் கயிறு அறுக்கிறவர்கள் வைத்திருந்த வடிவம் இது. கப்பல் ஆடினாலும் யாரையும் குத்தாது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நுனியை மாற்றினால் முதுகுப் பக்கம்தான் அரைக்க வேண்டும். வாய்ப் பக்கம் அரைத்து நுனியை மேலே ஏற்றினால், மடக்கும்போது அது கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டைப் பையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை சூடு. எஃகு சூடேறினால் பதம் இறங்கிவிடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. துருப்பிடிக்காத எஃகில் நிறம் மாறுவது தாமதமாகத்தான் தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். கையுறை போடாமல் பிடித்து, விரலுக்குச் சுட ஆரம்பிக்கும் முன்பே தண்ணீரில் முக்க வேண்டும். கண்ணாடி மட்டும் கட்டாயம் போடுங்கள்.

ரம்பப் பல்லை எடுத்ததில் அலகின் அகலம் 2 மி.மீ. குறைந்தது. போகட்டும். கனத்தைக் குறைக்க மிஷினை நம்பவில்லை. மெல்லிய இரும்பு நொடியில் சூடேறும். கார்போரண்டம் கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்தேன். பதினோரு சாயங்காலம் ஆனது. 1 மி.மீ. இருந்த இடம் 0.4-க்கு வந்தது. கடைசியில் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் கூர் வைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுப் பூட்டினேன்.

போன வாரம் மாப்பிள்ளை வந்திருந்தார். கத்தியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னங்க மாமா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? வெலை தெரியுங்களா?" என்றார். பதில் சொல்லாமல் ஒரு கிளிமூக்கு மாங்காயையும் கத்தியையும் அவர் கையில் கொடுத்தேன். நறுக்கினார். படீர் சத்தம் இல்லை. வெற்றிலை மாதிரி மெல்லிசாகத் துண்டு விழுந்தது. உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுப் பாதி மாங்காய் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பேசவே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கூர் இல்லாத கத்தியும் கனமான கத்தியும்தான் கையை வெட்டும், ஏனென்றால் அவற்றைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குக் கத்தி வாங்கினால் மெல்லிய அலகு, நேர் வாய், மொட்டை நுனி, நல்ல பூட்டு, சுலபமாகத் திறக்கிற குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். விரலில் ஒரு தடவை பட்டுவிட்டது என்று கத்தியைப் பிடுங்கி பீரோவில் வைக்காதீர்கள். சாணை பிடித்துத் திருப்பிக் கொடுங்கள்.

என் கத்தி இப்போது மறுபடியும் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டுக்காரியே அதைக் கேட்டு வாங்கித்தான் பீன்ஸ் நறுக்குகிறாள்.