‘இதனால் என்ன பயன்?’ என்போருக்கு

கேள்விகளைக் கொல்வதற்கு நாம் கைக்கொள்ளும் ஆயுதங்கள் இரண்டு. ‘அது பாடத்திட்டத்தில் இல்லை’ என்பது ஒன்று; ‘அதனால் என்ன பயன்?’ என்பது மற்றொன்று. முன்னதைப் பள்ளி ஏந்தி நிற்கிறது. பின்னதை வீடு ஏந்தி நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட குழந்தை, பத்து வயதில் ஆயிரம் கேள்விகளோடு நின்றது, பதினேழு வயதில் வெறும் மதிப்பெண்களோடு வெளியேறுகிறது. இதனைக் கல்வி என்று அழைக்க நாம் கூசவேண்டாமா?

திருமங்கலத்துச் சாலையோரங்களில் எஞ்சி நிற்கும் புளியமரங்களை அந்தி வேளையில் நோக்குங்கள். இலைகள் இணையிணையாகக் குவிந்து உறங்கத் தொடங்கியிருக்கும். முற்றத்து அந்திமந்தாரையோ அப்போதுதான் இதழ் விரித்திருக்கும். ‘மாலை வந்ததென்று மரத்திற்கு யார் சொன்னார்கள்?’ என்று ஒரு சிறுவன் கேட்டால் அவனுக்கு நாம் தரும் விடை யாது? ‘போய் வீட்டுப்பாடத்தை எழுது’ என்பதன்றோ!

இதே கேள்வியைத்தான் 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் கேட்டார். தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்றை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாத நிலையிலும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடிற்று. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கக்கூடும் என்னும் எண்ணத்திற்கு அச்செடி வித்திட்டது.

இவையெல்லாம் மேலைநாட்டாரின் பொழுதுபோக்கு என்பாரும் உளர். அவர்கள் மதுரைக்கு அருகே நடந்ததை அறிவார்களாக. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும், சூரிய ஒளி புகாத மலைக்குகையில் தொங்கும் இலைமூக்கு வௌவால் பொழுது சாய்ந்ததை எவ்வாறு அறிகிறது என்று கேட்டனர். சில வௌவால்களைக் கூண்டிலடைத்துக் குகையினுள்ளேயே வைத்தனர். வெளியே சென்று திரும்பும் தம் கூட்டத்தாரோடு ஒத்து, அடைபட்டவையும் உரிய நேரத்தில் விழித்துச் சிறகடித்தன. கூட்டமில்லாத தனிக்குகையில் வைத்தபோது அவற்றின் நாள் 24 மணிக்கணக்கிலிருந்து விலகிற்று. ஒளியைக் காணாத உயிர், தன் இனத்தாரைக் கொண்டே நேரமறிகிறது! 1981-இல் வெளியான முடிவு இது. வேறோர் இன வௌவால் அதே குகையில் இருந்தும் அச்செய்திக்கு இணங்கவில்லை என்பது 1983-இல் வெளிவந்தது. அவ்வாண்டே பேராசிரியருக்குப் பட்நாகர் விருதும் கிட்டியது.

வௌவாலோடு அவர்கள் நிற்கவில்லை. கடிகாரமோ சன்னலோ இல்லாத தனியறையில் மனிதர்களை வாழச் செய்தும் ஆராய்ந்தனர். ஜெர்மனியில் யூர்கன் அஷோப் என்பார் இத்தகைய ஆய்வுகளில் கண்டவை நம்மைத் திகைக்க வைப்பன. தனித்திருப்போரின் நாள் 24 மணியைத் தாண்டி நீள்கிறது. ‘ஒரு மணி நேரம் ஆயிற்று என்று தோன்றும்போது சொல்லுங்கள்’ என்றால், அவர்கள் எவ்வளவு நீண்ட நேரம் விழித்திருக்கும் நாளோ, அவ்வளவுக்கு அந்த ‘ஒரு மணி’யும் நீள்கிறது. அவர்களோ ஏதும் மாறியதாக உணர்வதில்லை. மனத்தின் மணியும் சுவரின் மணியும் ஒன்றல்ல! மனிதனைப் பற்றி இதைவிட வியப்பான செய்தி எத்தனை உண்டு?

‘ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் ஏன்?’ என்று கேட்கலாம். குகை நம்முடையது, இருள் விலையின்றிக் கிடைத்தது. தேவைப்பட்டது பொறுமையும், நகைப்புக்கு அஞ்சாத கேள்வியுமே.

பயன்தான் வேண்டுமென்றால் அதையும் சொல்வோம். இந்த உடற்கடிகாரத்தின் நுண்பொறியைப் பழ ஈக்களிடம் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வளரிளம் பருவத்தில் இக்கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது. இரவில் உறக்கம் தாமதித்து வருவது சோம்பலன்று, இயற்கை. ஆகவே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது. நாமோ இருள் பிரியுமுன் தனிப்பயிற்சி, பொழுது சாய்ந்தபின் சிறப்பு வகுப்பு என்று பிள்ளைகளை வாட்டுகிறோம். நூற்பாலைகளில் வாரந்தோறும் வேலை முறை மாறி இரவும் பகலும் குழம்பிய தொழிலாளியின் உடல் படும் பாட்டையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பயன் எங்கே என்று கேட்டவர்கள், பயன் வந்து வாசலில் நிற்கையில் கதவடைப்பது என்ன நியாயம்?

எனினும், பயன் ஒன்றையே காட்டிக் கேள்விக்கு வாதாடுவது அதனைச் சிறுமைப்படுத்துவதாகும். செடியை இருளில் வைத்தவர் எந்த மருந்தையும் தேடவில்லை. அறிய விரும்பினார், அவ்வளவே. ஏழைக் குடிலில் பிறந்த பிள்ளைக்கு விலையின்றி வாய்த்த செல்வம் அவ்விருப்பம் ஒன்றே. அதையும் பறிப்பது கொடுமையிலும் கொடுமை.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே! குழந்தை அடுத்த முறை ‘ஏன்?’ என்று கேட்கும்போது, விடை தெரியாவிட்டால் ‘தெரியாது, வா, பார்ப்போம்’ என்று கூறுவோம். அந்தப் புளியமரத்தடி வரை அதனோடு நடந்து செல்வோம்.