வீட்டுக் கலையகத்துக்கு ஏற்ற ஒலிவாங்கி யாது?

ஏட்டில் எழுதியது நிற்கும். வாயாற் பாடியது காற்றோடு கலந்துவிடும். பழந்தமிழர் மீட்டிய யாழின் ஓசை இன்று எவர் செவிக்கும் எட்டாது. அதன் இயல்பை நூற்சான்றுகளைக் கொண்டும் கணக்கைக் கொண்டும் மீட்டெடுப்பதற்கு விபுலாநந்த அடிகளார் ஆண்டுகள் பல உழைக்க வேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டில் அரங்கேறிய யாழ் நூல் அவ்வுழைப்பின் பயனாகும். விவேகாநந்த அடிகள் 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொழும்பு நகரில் வந்திறங்கினார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்கி அப்பொழுதே இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அப்பெரியாரின் குரலென்று உறுதியாகக் கொள்ளத்தக்க பதிவு ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. அவர்தம் சிக்காகோச் சொற்பொழிவென இன்று உலவுவன பிறர் குரல்களே. கொட்டாஞ்சேனையில் 1902ஆம் ஆண்டு அவர் பெயரால் எழுந்த சபை நிலைத்து நிற்கின்றது, குரல் நிற்கவில்லை.

இத்தகைய இழப்பு இனியும் நேர வேண்டுவதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் கணினியுள்ள இல்லங்கள் இன்று பல. தேவாரம் பாடும் மாணவரும், மெல்லிசை பாடும் இளைஞரும், கதை சொல்லும் பாட்டியும் தத்தம் வீட்டிலேயே குரலைப் பதிந்து வைக்கலாம். அவ்வாறு பதிய விழையும் மாணவரும் வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரும் எம்மை வினவுவது ஒன்றே: “எந்த ஒலிவாங்கியை வாங்கலாம்?”

தமிழாசிரியருக்கும் ஒலிவாங்கிக்கும் யாது தொடர்பென்று நகைப்பார் உளர். எழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைக் கற்பித்தல் எமது தொழில். பிறந்த எழுத்து எங்கே போய்ச் சேர்கின்றது என்று கவனித்தலும் அத்தொழிலின் பகுதியே என்பது எமது கருத்து.

ஒலிவாங்கிகளுட் பெருவழக்காயுள்ளன இரண்டு வகை. ஒன்று டைனமிக் எனப்படுவது. மெல்லிய சவ்வொன்றின் பின்னே சிறு கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். அச்சுருள் காந்தத்தின் இடைவெளியிலே தொங்கும். குரல் சவ்வை அசைக்கச் சுருளும் அசையும். அசையும் சுருளில் மின் பிறக்கும். பரடே 1831ஆம் ஆண்டிற் கண்ட மின்தூண்டல் விதியே இதற்கு அடிப்படை. புறத்திலிருந்து மின்னூட்டம் இதற்கு வேண்டியதில்லை. சிறிது கீழே விழினும் எளிதிற் பழுதுறாது. கடற்காற்றின் ஈரத்தையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மற்றையது கொண்டென்சர் எனப்படுவது. மின்னேற்றிய இரு தகடுகளுள் ஒன்று மிக மெல்லிய சவ்வாயிருந்து அசைய, அதனால் நிகழும் மின்மாற்றமே ஒலிக்குறிப்பாகும். இதற்குப் பொதுவாக 48 வோல்ற்று மின்னூட்டம் வேண்டும். சுருளின் பாரம் இல்லாமையால் இதன் சவ்வு மிக நுண்ணிய ஒலிக்கும் அசைந்து கொடுக்கும்.

நுண்ணிய ஒலியையும் வாங்குவதே சிறந்ததன்றோ என்று பலர் கருதுவர். நாமும் அங்ஙனமே கருதினோம். அக்கருத்துக்கு நாம் கொடுத்த விலையை ஈண்டுக் கூறுதல் தகும்.

பண்ணிசையில் வல்ல முதியவர் ஒருவர் வெள்ளவத்தையிலே தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் வாழ்ந்து வந்தார். இளமையிற் கற்ற தேவாரங்களை அவர் பாடக் கேட்டுப் பதிந்துவைக்க விரும்பினோம். விலையுயர்ந்த கொண்டென்சர் ஒலிவாங்கி ஒன்றை இரவல் பெற்றுச் சென்று, பெரியவர் முகத்துக்கு நேரே அதனை நீட்டுதல் மரியாதையன்று என்றெண்ணி, மூன்றடி தள்ளி நிறுத்தினோம். புழுக்கம் மிகுதியாகவே சாளரங்களைத் திறந்துவைத்தோம். அவர் பாடினார். அன்று அறையிலிருந்த எமக்கு அவர் குரலன்றி வேறொன்றும் கேட்கவில்லை. மனம் அவ்வாறு ஒன்றியிருந்தது. வீடு திரும்பிக் கேட்டபொழுதே உண்மை புலனாயிற்று. கரையோரப் புகையிரதம் இரண்டு முறை சென்றது, காகங்கள் கரைந்தன, காலி வீதியில் முச்சக்கர வண்டிகள் விரைந்தன, அடுத்த வீட்டுச் சமையலறையில் நீராவி சீறியது. இவற்றுக்கிடையே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, வெறுஞ்சுவர்களில் மோதித் திரும்பிய குரல். இரைச்சலை நீக்கும் கணினி முறைகளைக் கையாண்டோம். இரைச்சலோடு குரலின் உயிரும் நீங்கிற்று. மீண்டும் ஒரு நாள் சென்று பதிவோம் என்றிருந்தோம். இரண்டு மாதத்துள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் குரலென எம்மிடம் எஞ்சியிருப்பது அப்பதிவொன்றே.

பிழை எங்கே நேர்ந்தது? ஒலிவாங்கியின் மீது முழுப் பழியையும் சுமத்துதல் நேர்மையன்று. கொண்டென்சர் கெட்டது, டைனமிக் நல்லது என்று சொல்வாரும் பாதி உண்மையே சொல்கின்றனர். டைனமிக் ஒலிவாங்கிக்கு இரைச்சலை விலக்கிக் குரலை மட்டும் கொள்ளும் அன்னப்பறவையின் ஆற்றல் இல்லை. அதனையும் மூன்றடி தள்ளி வைத்து ஒலியைப் பெருக்கினால் அதே புகையிரதம் அதிலும் ஓடும். நன்மை அண்மையிலேதான் இருக்கின்றது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயுள்ள தொலைவைப் பாதியாக்கினால் நேரே வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். அறையின் எதிரொலியும் வீதியின் இரைச்சலும் உயரா. மூன்றடியை அரையடிக்கும் குறைவாக்கின் குரல் எத்துணை முன்னே நிற்கும் என்பதை மாணவர் கணக்கிட்டு அறிக. இவ்வண்மையை மனங்கோணாது ஏற்பதே டைனமிக் ஒலிவாங்கியின் சிறப்பு. ஓதுவார் மேற்றாயியில் ஓங்கிப் பாடினும் அது திணறாது. சுருளின் பாரத்தால் தொலைவிலுள்ள மெல்லிய சலசலப்பை அது கூர்மையாகக் காட்டவும் மாட்டாது. ஆதலால் கொழும்பு வீடொன்றில், கலையகமாகக் கட்டப்படாத அறையொன்றில், குரலைப் பதிவார்க்கு முதலில் வாங்கத்தக்கது டைனமிக் ஒலிவாங்கியே என்பது எமது துணிபு.

நம் பெற்றோர் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1925ஆம் ஆண்டிற் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர்த் தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் குரல்களைக் கடல் கடந்தும் மக்கள் இனங்கண்டனர். அக்குரல்களின் தெளிவுக்குக் கருவி மட்டுமே காரணமன்று. வெளியோசை புகாத அறையும், ஒலிவாங்கியின் முன் இருக்கக் கற்ற பயிற்சியும், சொல்லைச் சிதையாது சொல்லும் நாவும் உடன் நின்றன. கருவியை வாங்கலாம், ஏனையவற்றை ஈட்டவே வேண்டும்.

அண்மையில் வைத்துப் பாடுங்கால் இரண்டு இடர்கள் தோன்றும். தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியில் எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றாற் பல்வேறு எழுத்தொலிகளாகும் முறையை விளக்குவார். இதழ் இரண்டும் பொருந்திப் பிரியப் பிறப்பது பகரம். அவ்வாறு பிரியும் இதழிலிருந்து காற்று வெடித்துப் புறப்படும். அது சவ்வின் மீது நேரே மோதினால் ‘பொன்னார்’ என்பது பறையடிபோல முழங்கும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாது சற்றே பக்கமாகச் சாய்த்து, நான்கு விரற்கடை முதல் எட்டு விரற்கடை வரை தள்ளி, நடுவே துணிவலையொன்றை நிறுத்தினால் காற்று விலகிப் போகும். குரல் வந்து சேரும். இரண்டாவது இடர், ஒருதிசை ஒலிவாங்கிகளை நெருங்க நெருங்கக் கீழொலி தடித்தல். பாடகர் தாளத்துக்குத் தலையசைத்து முன்னும் பின்னும் ஆடினால் குரலின் நிறமும் உடன் மாறும். ஒரே தொலைவில் இருந்து பாடப் பழகுதலே மருந்து. ல, ள, ழ என்பவற்றின் வேறுபாடு டைனமிக் வகையில் மழுங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டா. அவ்வேறுபாட்டைத் தாங்கும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழ் அமைவன. எளிய டைனமிக் ஒலிவாங்கியும் 15,000 ஹேர்ட்ஸ் வரை வாங்கும். ழகரம் கெடுமாயின் குற்றம் கருவியினதன்று, நாவினது.

இனி, எதனை வாங்குவது? மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 என்பது 1966ஆம் ஆண்டு வெளிவந்தது. எஸ்.எம். என்னும் எழுத்துகள் கலையக ஒலிவாங்கி என்பதையே குறிப்பன. கலையகத்துக்கென எண்ணி ஆக்கப்பட்டது மேடையிற் புகழ் பெற்றது. அதே நிறுவனத்தின் எஸ்.எம். 7 என்பது 1973ஆம் ஆண்டில் வந்தது. மைக்கேல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டுத் ‘திரில்லர்’ இசைத்தொகுதியின் குரற்பதிவுக்கு அது பயன்பட்டமையால் இன்று இளைஞர் பலர் அதன் வழிவந்த எஸ்.எம். 7பி இன் மீது தீராக் காதல் கொண்டுள்ளனர். எலெக்ட்ரோ வொய்ஸ் நிறுவனம் 1968ஆம் ஆண்டு தந்த ஆர்.இ. 20 என்பதோ, நெருங்கினாற் கீழொலி தடிக்கும் குறையைப் பெரிதும் தவிர்க்கும் அமைப்புடையது. மூன்றும் நல்லனவே.

ஆயினும் எஸ்.எம். 7பி வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அதிலிருந்து வரும் மின்குறிப்பு மிக மெலிது. அதனைக் கேட்கத்தக்க அளவுக்கு உயர்த்த ஏறத்தாழ 60 டெசிபெல் பெருக்கம் வேண்டும். கணினியோடு இணைக்கும் மலிவான இடைமுகக் கருவிகள் சில அவ்வளவுக்குப் பெருக்கமாட்டா; பெருக்கினும் கூடவே சீற்றம் எழும். பின்னர்த் துணைப் பெருக்கி ஒன்றையும் வாங்க நேரும். இக்குறையை உணர்ந்தே 2023ஆம் ஆண்டிற் பெருக்கியை உள்ளடக்கிய எஸ்.எம். 7டிபி என்பதை வெளியிட்டனர். அமெரிக்க விலைப்படி எஸ்.எம். 58 ஒன்றைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கொடுத்து எஸ்.எம். 7பி வாங்குவதனாற் பெறும் நன்மை, வெறுஞ்சுவர் அறையில் நான்கில் ஒரு பங்கும் தோன்றாது. எஸ்.எம். 58க்குப் போலிகள் மிகுதியாதலின் நம்பத்தக்க இடத்தில் வாங்குக. மிஞ்சிய பணத்தில் உறுதியான தாங்கியும் நல்ல தலையணி கேட்பானும் கொள்க.

அறைக்குப் பொருட்செலவு பெரிதும் வேண்டியதில்லை. இதயவடிவில் ஒலி வாங்கும் இவ்வகை ஒலிவாங்கிகள் தம் பின்புறத்து ஒலியை மிகக் குறைவாக வாங்குவன. ஆகவே ஒலிவாங்கியின் பின்புறம் சாளரத்தை நோக்குமாறு நிறுத்துக. பாடுபவரின் முதுகுக்குப் பின்னே துணி நிறைந்த அலுமாரியைத் திறந்துவைக்க, அல்லது தடித்த போர்வையைத் தொங்கவிடுக. மின்விசிறியை ஒரு பாட்டு முடியும் வரையேனும் நிறுத்துக. புகையிரத நேரத்தை முன்பே அறிந்து வைத்திருக்க. ஆடிவேல் ஊர்வலம் வீதியில் வரும் நாளிற் பதிவை விடுத்து வேலனைத் தரிசிக்கச் செல்க.

கொண்டென்சருக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. அமைதியாகக் கட்டப்பட்ட அறையும், தாலாட்டுப் போன்ற மிக மெல்லிய குரலும் வாய்க்குமிடத்து அதுவே மேம்பட்டது. நுண்மையிலே டைனமிக் அதற்கு இணையாகாது. அத்தகைய அறை உடையார் அதனைக் கொள்க. நம்மிற் பெரும்பாலார்க்கு அவ்வறை இல்லை என்பதே எமது வாதம்.

இறுதியாக, பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கல்லூரிக்குப் பெருவிலை ஒலிவாங்கி ஒன்றை வழங்கலாமென அன்பர் சிலர் கூறக் கேட்டோம். அவர்தம் நல்லெண்ணம் போற்றற்குரியது. ஆயினும் கண்ணாடிப் பேழையுட் பூட்டிவைக்கும் ஒன்றினும், நூலகத்து நூலைப் போல மாணவர் கையெழுத்திட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்க எளிய டைனமிக் ஒலிவாங்கிகள் நான்கு மேலானவை. விடுமுறைதோறும் மாணவர் ஒருவர் தம் இல்லத்து முதியவர் ஒருவரின் பாட்டையோ பேச்சையோ பதிந்து வருக. பதிந்ததைச் சுருக்காத கோப்பாக இரண்டிடத்திற் சேமித்து வைக்க. பாடியவர் பெயரும் ஊரும் நாளும் உடன் எழுதப்படுக.

பெரியவர் முகத்தருகே ஒலிவாங்கியை நீட்டுதல் மரியாதைக் குறைவென்று எண்ணற்க. நாம் மூன்றடி தள்ளி நின்று காத்த மரியாதை ஒரு குரலை இழப்பித்தது. அருகிற் செல்க, அனுமதி கேட்டு, வணங்கி, அருகிற் செல்க. காலந் தாழ்த்தற்க.

கல்லூரி அன்னை வாழ்க! அவள் மக்கள் குரல் என்றும் ஒலிப்பதாக!