மேல மாசி வீதி ஏன் மேலே இல்லை?

மதுரையில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள்.

"நேரா ஒட்டுக்கப் போங்க. ஒரு டீக்கடை வரும். அங்கிட்டுத் திரும்பாதீங்க. இங்கிட்டுத் திரும்பினா பீச்சாங்கைப் பக்கம் ஒரு சந்து வரும். அதுல போயிராதீங்க!"

இப்படிப் போகக்கூடாத இடங்களை எல்லாம் முதலில் சொல்லிவிட்டு, போகவேண்டிய இடத்துக்கு மட்டும், "அங்கன போயி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்று முடிப்பார்கள். ஐம்பது வருஷமாக அங்கிட்டும் இங்கிட்டுமாகவே காலம் தள்ளியவன் நான். வரைபடம் என்ற ஒன்று எனக்குத் தேவைப்பட்டதே இல்லை, பேத்தி நாலாம் வகுப்புக்கு வரும்வரை.

ஒருநாள் சாயங்காலம் பரீட்சைப் பேப்பரை என் மடியில் கொண்டுவந்து போட்டாள் என் சகதர்மிணி.

"அஞ்சு மார்க்குக்குச் சைபர். உங்க வாரிசுங்கிறதுக்கு வேற சாட்சி வேணாம்!"

கேள்வி இதுதான்: மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளைப் படம் வரைந்து குறிக்கவும். பேத்தி நடுவில் கோயிலைப் போட்டு, நாலு பக்கமும் வீதி போட்டிருந்தாள். மேல மாசி வீதி மேலே. கீழ மாசி வீதி கீழே. வலது பக்கம் வடக்கு மாசி, இடது பக்கம் தெற்கு மாசி. மொத்தத்தின் மீதும் சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி.

"ஏம்மா, மேற்கு இடது பக்கம்ல வரணும்?"

"தாத்தா, பேரே மேல மாசி வீதி. அதைக் கொண்டுபோயி எப்படி பக்கவாட்டுல போடுறது?"

நான் வாயைத் திறந்தேன். பதில் வராததால் மூடிக்கொண்டேன்.

ராத்திரி படுத்து யோசித்தால், அவள் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. மேல் என்பதிலிருந்து மேற்கு. கீழ் என்பதிலிருந்து கிழக்கு. நம்ம ஊரில் மேற்கே மலை, கிழக்கே கடல். வருசநாட்டு மலையில் புறப்படுகிற வைகை, 258 கிலோமீட்டர் இறங்கி இறங்கித்தான் கிழக்குக் கடல் பக்கம் போகிறது. தண்ணீர் வருகிற பக்கம் மேல்; போகிற பக்கம் கீழ். பெயர் வைத்தவர்கள் காகிதத்தைப் பார்த்து வைக்கவில்லை, தரையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

எழுந்து லைட்டைப் போட்டு (சகதர்மிணியின் முணுமுணுப்பு இங்கே தணிக்கை செய்யப்படுகிறது) பேப்பரை எடுத்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினேன். அட! நாலு வீதியும் டாண் டாணென்று அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. பேத்தி போட்ட படம் தப்பே இல்லை. படுத்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் படையெடுத்தேன். வடக்கை மேலே வைப்பது வெறும் வழக்கம்தான். 1154-ல் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் போட்ட உலகப் படத்தில் தெற்குதான் மேலே. பழைய ஐரோப்பியப் படங்களில் கிழக்கு மேலே என்றெல்லாம் ராத்திரியே தயார் செய்திருந்தேன். டீச்சருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் என்னை உட்கார வைத்துவிட்டார்.

"எல்லாம் சரிங்க சார். மேற்கை மேல போட்டுக்கட்டும். ஆனா வடக்கு எங்கிட்டு இருக்குன்னு ஒரு அம்புக்குறி போடணும்ல? அது இல்லாம பாக்குறவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அம்புக்குறி, அம்புக்குறி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ஒருவர் பயந்து ஒதுங்கினார்.

★

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வரைபட வகுப்பு. ஆசிரியர் நான், எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது மாணவி.

முதல் வகுப்பு மொட்டை மாடியில். எங்கள் வீடு கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. கோயிலைப் பார்த்து நின்றால் கோபுரங்கள் தெரியும் (நடுவில் முளைத்த லாட்ஜுகள் பெரிய மனசு பண்ணினால்). நாலு வெளிக் கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் ஆக உசத்தி, சுமார் 170 அடி. அது சோத்தாங்கைப் பக்கம் வந்தால் நாம் பார்ப்பது கிழக்கு. மதுரைக்காரனுக்கு இதைவிட என்ன திசைகாட்டி வேண்டும்? படத்தைச் சுவரில் மாட்டாமல் தரையில் விரித்து, படத்தின் தெற்கும் நிஜத் தெற்கும் ஒரே பக்கம் வரும்வரை திருப்பச் சொன்னேன். வடக்கு என்றால் ஆகாயம் என்று அவள் மனசில் இருந்த குழப்பம் அன்றோடு தீர்ந்தது. சுவரில் மாட்டின படத்தையே பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது தீர்வதற்கே அறுபது வயசாகி விடுகிறது.

நாட்டை அளந்தவர்களுக்கும் கோபுரம் கை கொடுத்திருக்கிறது. வில்லியம் லாம்ப்டன் 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்கப் புறப்பட்டார். மலை இல்லாத சமவெளியில் உயரத்துக்கு எங்கே போவது? கோயில்களில்தான் ஏறினார்கள். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே இழுத்தபோது கயிறு கோளாறாகி, கருவி மோதி நசுங்கியது. இதைச் சொன்னதும் பேத்தி கேட்ட முதல் கேள்வி: "கோயிலுக்கு அடிபட்டுச்சா தாத்தா?"

இரண்டாவது வகுப்பு: ஒரு இடத்தைச் சொல்ல எத்தனை சேதி வேண்டும்? இதற்கும் எங்கள் ஊர் விலாசமே பாடம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, பழைய கோட்டை இருந்த ஓரத்தில் வெளி வீதி. (1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்தபோது அந்த வேலையைப் பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் வீதிகளாக வாழ்கிறார்கள்.) எந்தச் சுற்று, எந்தத் திசை... இந்த இரண்டைச் சொன்னால் தபால்காரர் பாதி தூரம் வந்துவிடுவார். ஒரு சேதி மட்டும் போதாது. "மாசி வீதிக்கு வா" என்று சொன்னவனைத் தேடி நாலு பக்கமும் சுற்றின அனுபவம் எனக்கு உண்டு.

★

மூன்றாவது வகுப்புதான் கட்டம். எங்கள் கூடத்தில் டைல்ஸ் தரை. குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே ஒன்பது. சாக்பீஸால் எண் போட்டோம். எந்த மூலையில் தொடங்குவது? வரைபடக் கட்டத்துக்குத் தென்மேற்கு மூலைதான் ஆரம்பம். வாஸ்துக்காரர்கள் சொல்லும் கன்னி மூலை! ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர்கூட அதன் கன்னி மூலையை வைத்துத்தான். வேறு மூலையில் புள்ளி வைத்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டி வரும்.

"நாலு, ரெண்டு" என்ற கட்டத்தில் ஒரு அதிரசம் வைத்தேன். பேத்தி விறுவிறுவென்று போய் "ரெண்டு, நாலு"-வில் நின்று தேடினாள். அங்கே காலி டைல்ஸ்.

"ஏமாத்துறீங்க தாத்தா!"

சின்னப் பிள்ளைகள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சினிமா தியேட்டரில் எஃப்-12 என்றால் முதலில் வரிசையைக் கண்டுபிடித்து, அப்புறம் நாற்காலிக்கு நகர்கிறோம். வரைபடக் கட்டத்தில் நேர் எதிர். முதலில் கிழக்கே எத்தனை, அப்புறம்தான் வடக்கே எத்தனை. திருப்பரங்குன்றத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். "முதல்ல அடிவாரத்துல நட. அப்புறம் மலை ஏறு." நடக்காமல் யாராவது மலை ஏற முடியுமா? அதற்குப் பிறகு ஒரு அதிரசமும் தப்பவில்லை. (இரண்டு அதிரசம் "ஏழு, ஐந்து"-இல் காணாமல் போனது பற்றி மட்டும் விசாரணை நடந்தது. குற்றவாளிக்குச் சர்க்கரை இருப்பதால் தண்டனை கடுமை.)

அதோடு விட்டதா? செல்போனில் எங்கள் ஊரைத் தொட்டுக் காட்டினாள். 9.92, 78.12 என்று வந்தது. இதில் வடக்கே எத்தனை டிகிரி என்பது முதலில், கிழக்கே எத்தனை என்பது அடுத்து. மறுபடியும் தலைகீழ்! "மாத்திப் போட்டா என்ன ஆகும்?" என்று தட்டிப் பார்த்தாள். நார்வேக்கும் வடக்கே, வட துருவத்துப் பக்கம் ஒரு கடலில் போய் நின்றது. மதுரை வெயிலுக்கு அது ஒன்றும் மோசமான இடமில்லை என்றாள் என் சகதர்மிணி.

★

இதுவரை விளையாட்டு. இனிமேல்தான் வயிற்றில் புளி கரைத்த கதை.

ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் ஒரு பிளாட் வாங்கிப் போடலாம் என்று ஆறு மாதமாகவே எனக்கு யோசனை. வழவழ காகிதத்தில் ஒரு விளம்பரப் படம் கையில் இருந்தது. "நகருக்கு மிக அருகில். பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினைந்தே நிமிடம்." (ஹெலிகாப்டர் யாருடையது என்று போடவில்லை.) மூன்று சென்ட். அட்வான்ஸ் மட்டும்தான் பாக்கி.

அதே சமயம், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பேத்தியின் ஆர்வத்தைக் கேள்விப்பட்டு, பழைய சர்வே ஷீட்டின் நகலைக் கொடுத்திருந்தார். இந்திய அளவைத் துறையின் பழைய கணக்கில் மதுரையின் எண் 58 கே/1. தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். அந்தத் தாளின் வடக்கு எல்லை 10-வது அட்சக்கோடு. அதனால் அழகர்கோயில் இந்தத் தாளிலேயே கிடையாது. அது 58 ஜே/4.

"அப்ப அழகர் சித்திரைக்கு தாள் விட்டுத் தாள் வர்றாரா தாத்தா?"

ஆமாம்! மூன்றுமாவடியில் எதிர்சேவை வாங்குவதற்கு முன்னாலேயே அட்சக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். மதுரையை இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இது தெரியாது.

அந்த ஷீட்டில் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பென்சிலில் கட்டம் போட்டோம். பயிற்சிக்காக, "நம்ம பிளாட் எங்க இருக்குன்னு கண்டுபிடி பார்ப்போம்" என்று விளம்பரப் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அவள் ரயில்வே கேட்டைப் பிடித்தாள். ரோடு வளைகிற இடத்தைப் பிடித்தாள். கட்டங்களை எண்ணினாள். பென்சில் முனையை ஒரு இடத்தில் வைத்தாள்.

நீல நிறம்.

"தாத்தா, இது கம்மா."

"பக்கத்துல இருக்கும்மா. கரை ஓரமா இருக்கும். நல்லாப் பாரு."

"இல்ல தாத்தா. கரை இந்தா இருக்கு, கீழ்ப்பக்கம். தண்ணி மேலருந்து கீழதான வரும்? அப்பக் கரை கிழக்க இருந்தாத்தான் தண்ணி நிக்கும். நம்ம பிளாட் கரைக்கு மேற்க இருக்கு. தண்ணிக்குள்ள இருக்கு!"

மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. சைபர் வாங்கின அதே ஞானம்! விளம்பரப் படத்தைப் பார்த்தேன். பூங்கா இருந்தது, நீச்சல் குளம் இருந்தது, கண்மாய் இல்லை.

2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது ஞாபகம் வந்தது. தண்ணீருக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மேலும் கீழும்தான்.

ஆனால் பழைய தாளை மட்டும் நம்பி ஒருவரைக் குறை சொல்லக் கூடாது இல்லையா? சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். அவர் அ-பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாதிதான் சார் பட்டா. மீதி கண்மாய்ப் புறம்போக்கு. அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"இல்லை" என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையின் பென்சில் முனையில் பிழைத்தது.

நம் பிள்ளைகளுக்கு நதிகளின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தலைநகரங்களைச் சொல்லச் சொல்கிறோம். தன் தெருவை, தன் ஊர்க் கண்மாயை, தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடும் என்பதை ஒரு காகிதத்தில் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு சாக்பீஸும், தரையும், கொஞ்சம் அதிரசமும் போதும்.

நேற்று பிளாட் கம்பெனித் தம்பி போன் செய்தார். "சார், எந்த பிளாட்டுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

விளம்பரப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பேத்தி ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தாள். குறுக்கே ஒரு பெரிய பெருக்கல் குறி. கீழே சிவப்பு மையில்:

"வடக்கு அம்புக்குறி இல்லை. 0/5."