திரையில் தெரியும் பகை



சீனாவின் இன்றைய எதிரி யார் என்றறிய வெளியுறவுத்துறை அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. தொலைக்காட்சியைத் திறந்தாலே போதும்!

2019 மே மாதம் அமெரிக்காவுடன் வர்த்தகப் போர் முற்றியது. உடனே சீன அரசின் சினிமா அலைவரிசை, அறிவித்திருந்த நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு, கொரியப் போரில் அமெரிக்கப் படையுடன் மோதிய சீன வீரர்களைப் பற்றிய பழைய படங்களை ஒளிபரப்பியது. 1956-இல் எடுத்த ‘ஷாங்கன்லிங்’ அவற்றுள் ஒன்று.

2021-இல் அதே போரை வைத்து ‘சாங்ஜின் ஏரிப் போர்’ வந்தது. வசூல் 90 கோடி டாலருக்கும் மேல். அநேகமாக எல்லாமே உள்நாட்டுக் காசு. படத்தையும் சீன வீரர்களின் தியாகத்தையும் கிண்டல் செய்து எழுதிய முன்னாள் பத்திரிகையாளர் ஒருவருக்குக் கிடைத்ததோ ஏழு மாதச் சிறை! வீரத்தைப் போற்றலாம், கேள்வி கேட்பவனைப் பூட்டி வைப்பது எந்த வீரம்?

கருத்துச் சுதந்திரம் பேசும் ஹாலிவுட் மட்டும் யோக்கியமா? ‘ரெட் டான்’ படத்தில் அமெரிக்காவை ஆக்கிரமிப்பவர்கள் சீனர்கள் என்றுதான் படம்பிடித்தார்கள். சீனச் சந்தை கண்ணில் பட்டதும் கணினியால் கொடிகளை மாற்றி, அவர்களை வடகொரியர்களாக்கி 2012-இல் வெளியிட்டார்கள். வடகொரியாவில் டிக்கெட் விற்க முடியாதல்லவா!

அப்படிக் காத்த சந்தையும் நிலைக்கவில்லை. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரியை உயர்த்தியபோது, அமெரிக்கப் படங்களின் இறக்குமதியைக் குறைப்பதாகச் சீனா அறிவித்தது.