மயிலாடும்பாறை இரும்புக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது? அதற்கும் ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கு!

நாகரசம்பட்டி பக்கம் டிகிரி முடித்தவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், ஓசூர் கம்பெனி, பெங்களூரு, இல்லேன்னா டி.என்.பி.எஸ்.சி என்று பதில் வரும். கியூரேட்டர் ஆகப் போறேன் என்று சொல்பவர்கள் அபூர்வம். ஆனால் அந்த வேலைக்கான அவசியம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே கிடக்கிறது.

2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் ஸ்டாலின் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில், இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்பதுதான் அது. அதாவது சுமார் 4,200 ஆண்டுகள். தமிழ்நாட்டின் மிகப் பழமையான இரும்பு என்ற பெருமை இந்த மாவட்டத்துக்கு வந்தது.

மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலக்கணிப்பு வெளியானது: கி.மு. 3345. பெருமை தெற்கே போய்விட்டது.

இப்போது மயிலாடும்பாறைப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், பக்கத்து அட்டையில் என்ன எழுதுவது? "மிகப் பழமையான" என்பதை அடித்துவிட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் துருப்பிடித்த துண்டுதான். அடிக்காவிட்டால் பொய். வடக்கே மயிலாடும்பாறை, தெற்கே சிவகளை, இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லலாம். இல்லையென்றால் தேதி எப்படிக் கணிக்கப்படுகிறது, ஏன் மாறுகிறது என்பதையே காட்சியாக வைக்கலாம். இப்படி முடிவெடுப்பவர்தான் கியூரேட்டர். அரசு வழக்கில், காப்பாட்சியர்.

அப்போ, என்னதான் படிக்கணும்?

பொருளைப் பாதுகாப்பது, ஆவணப்படுத்துவது, காட்சிப்படுத்துவது ஆகியவற்றைச் சொல்லித் தருவது அருங்காட்சியகவியல். அதோடு ஒட்டிய இன்னொரு துறை கண்காட்சி வரலாறு. ஓவியத்தின் வரலாறு தெரியும், அது என்ன கண்காட்சியின் வரலாறு? 1969-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹரால்ட் ஸீமன் ஒரு கண்காட்சி நடத்தினார். கலைஞர்கள் அரங்குக்குள்ளேயே படைப்புகளைச் செய்தார்கள், ஒருவர் வெளியே நடைபாதையையே உடைத்தார். ஊரில் பெரிய சர்ச்சை, ஸீமன் பதவி விலகினார். 2013-ல் வெனிஸ் நகரில் அதே கண்காட்சியை மறுபடி உருவாக்கிக் காட்டினார்கள். அடுக்கி வைத்த விதமே ஆய்வுப் பொருளாகிவிட்டது. நம் ஊருக்கும் இது பொருந்தும். தென்னிந்தியக் கைவினைகளையும் விளைபொருள்களையும் வைத்து 1855-லேயே மெட்ராஸில் பெரிய கண்காட்சி நடந்தது. எதைத் தேர்ந்தெடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டால் காலனி அரசு நம்மை எப்படிப் பார்த்தது என்பது தெரியும்.

வேடியப்பனை மியூசியத்தில் வைக்கலாமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்கச் செத்தவர், புலியோடு மோதிச் செத்தவர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவு இருக்கும். பல கற்கள் இன்று வேடியப்பன் சாமி. மஞ்சள், குங்குமம், பொங்கல் எல்லாம் நடக்கிறது. அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனால் கல் பத்திரம். ஆனால் சாமி போய்விடும், ஊரும் சும்மா விடாது. அங்கேயே விட்டால் எண்ணெய்ப் படிவில் எழுத்து மறையலாம், சாலை வேலையில் கல்லே காணாமல் போகலாம். நல்ல படி எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்து, மூலக் கல்லை ஊரிலேயே காக்கலாம் என்பது ஒரு வழி. அதற்கும் ஊராரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் வேண்டும்.

எங்கே படிப்பது?

இங்கேதான் சிக்கல். இந்தியாவில் அருங்காட்சியகவியலுக்கு முதலில் துறை தொடங்கியது பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், 1952-ல். பிறகு கொல்கத்தா பல்கலைக்கழகம். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடு இணைந்திருந்த நிறுவனம் இப்போது நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனமாகச் செயல்படுகிறது. எல்லாமே தொலைவு. நாகரசம்பட்டியிலிருந்து கிளம்பும் பிள்ளைக்கு ரயில் டிக்கெட், ஹாஸ்டல், மொழி என்று செலவும் பயமும் சேர்ந்தே வரும். சென்னையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு கைக்கு எட்டும். ஆனால் அதன் முக்கியப் பாடம் தோண்டுவதும் கல்வெட்டு படிப்பதும்தான்.

வேலை? அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி மூலம் ஆள் எடுக்கிறார்கள், ஆனால் இடங்கள் சொற்பம். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் முதல் கிருஷ்ணகிரி மாவட்ட அருங்காட்சியகம் வரை எண்ணினாலும் பெரிய கணக்கு வராது. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகம் போலப் புதியவை வந்தால் கொஞ்சம் கூடும். தனியார் பக்கம் பார்த்தால், பெங்களூருவில் அதே 2023-ல் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் திறந்திருக்கிறது, தேசிய நவீனக் கலைக்கூடத்தின் கிளையும் 2009 முதல் அங்கே இருக்கிறது. ஓசூர் தாண்டினால் வந்துவிடும் ஊர். படிப்பில் சேரும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பொருளை விட்டு அட்டைகளை மட்டும் படித்துப் பாருங்கள். இந்த வேலை பிடிக்குமா என்பது பாதி தெரிந்துவிடும்.